சக்கரத்துக்கு வந்த ஓலை

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஓர் அரசாங்க உத்தரவு. சிரிக்காதீர்கள். நாவலுக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட சில எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை மட்டும் யாரும் படித்துவிட்டு, இது நன்றாக இருக்கிறது, இது சொதப்பல் என்று சொல்வதே இல்லை.

ஆங்கிலத்தில் அதன் பெயர் ஏர்வொர்தினஸ் டைரக்டிவ். விமானத் துறையில் சுருக்கமாக ஏ.டி. என்பார்கள். நாம் 'பறப்புத் தகுதி உத்தரவு' என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரக விமானத்தில் ஆபத்தான குறை இருப்பது தெரிந்தால், அந்த ரகத்தை வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அரசாங்கம் அனுப்புகிற ஓலை. இந்த உறுப்பைக் கழற்றிப் பார், கெட்டிருந்தால் மாற்று, இத்தனை நாளுக்குள் செய், செய்யாவிட்டால் பறக்காதே. சாராம்சம் அவ்வளவுதான். கேட்டுக்கொள்கிறோம், பரிந்துரைக்கிறோம் என்கிற வழவழா கொழகொழா எதுவும் கிடையாது. நம்மூர் அரசாணைகளைப் படித்து நொந்துபோனவர்கள் ஒருமுறை இதைப் படித்துப் பார்க்கலாம். எந்த விமானம், எந்த சீரியல் நம்பரிலிருந்து எதுவரை, என்ன கோளாறு, விட்டால் என்ன ஆகும், என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள். சுஜாதா படித்திருந்தால் நடைக்காகவே பாராட்டியிருப்பார்.

நடையில் எனக்குப் புகார் இல்லை. என் புகார், அதில் எழுதாமல் விட்டிருப்பவை பற்றி.

உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2007 செப்டம்பரில் கனடா நாட்டுப் போக்குவரத்துத் துறை போட்ட உத்தரவு. விமானம், பம்பார்டியர் கம்பெனியின் க்யூ400. பெரிய ஜெட் இல்லை. இறக்கைக்குக் கீழே விசிறி சுழலுமே, அந்த ஜாதி. எழுபது, எழுபத்தைந்து பேர் உட்காரலாம். நீங்கள் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஸ்பைஸ்ஜெட்டில் போயிருந்தால் இதில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். 'சின்ன ஃபிளைட்டா? பயமா இருக்குமே' என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். வீட்டில் கேட்பவர்களை அவ்வளவு அலட்சியமாக நினைத்துவிட வேண்டாம் என்பது இந்தக் கட்டுரையின் முடிவில் உங்களுக்கே தெரியும்.

இந்த விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு காட்சி இலவசம். இறக்கை தலைக்கு மேலே இருக்கும். சக்கரம் எஞ்சினுக்குக் கீழே, நம் கண்ணெதிரே இருக்கும். பறக்க ஆரம்பித்ததும் நாரை மாதிரி நீளமான கால் பின்பக்கமாக மடங்கி எஞ்சின் கூட்டுக்குள் போகும். கதவு மூடும். இறங்கும்போது கதவு திறக்கும். கால் தொங்கும். நிமிரும். நிமிர்ந்தபடி பூட்டிக்கொள்ளும். பைலட்டுக்கு எதிரே மூன்று பச்சை விளக்கு எரியும். மூக்குக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று.

(இதே அளவில் பறக்கிற ஏ.டி.ஆர். விமானத்தில் இந்தக் காட்சி கிடைக்காது. அதன் கால்கள் குட்டை. வயிற்றுப் பக்கம் மடங்கிக்கொள்ளும். எது மேல் என்று கேட்காதீர்கள். இரண்டும் பறக்கின்றன.)

2007 செப்டம்பர் 9. கோபன்ஹேகனிலிருந்து டென்மார்க்கின் வடக்கே ஆல்போர்க் என்ற ஊருக்கு எஸ்.ஏ.எஸ். கம்பெனியின் க்யூ400 போகிறது. 69 பயணிகள், 4 சிப்பந்திகள். இறங்கும் நேரத்தில் இரண்டு பச்சைதான் எரிகிறது. வலது காலுக்கான விளக்கு மட்டும் எரியவில்லை. பைலட்டுகள் வட்டமடித்து என்னென்னவோ செய்து பார்த்தார்கள். நடக்கவில்லை. சரி, இறங்கித்தான் ஆக வேண்டும். விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்த பயணிகளை எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைத்தார்கள். யாருடைய யோசனையோ, அவர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். தரையைத் தொட்டதும் வலது கால் மடிந்தது. விசிறி தரையில் மோதி உடைந்தது. அதன் துண்டு ஒன்று சுவரைக் கிழித்துக்கொண்டு பயணிகள் பகுதிக்குள் வந்தது. வந்த இடத்தில் ஆள் இல்லை. சிலருக்கு லேசான காயம், அதோடு போயிற்று.

மூன்றே நாள். செப்டம்பர் 12. அதே கம்பெனி, அதே ரகம், அதே வலது கால். லிதுவேனியாவின் பலாங்கா நகரத்துக்குப் போக வேண்டிய விமானம், கால் பூட்டாமல் வில்னியஸுக்குத் திருப்பப்பட்டு இறங்கியது. 48 பயணிகள், 4 சிப்பந்திகள். இங்கேயும் கால் மடிந்தது. இங்கேயும் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

காரணம் என்ன? கேட்டால் 'இவ்வளவுதானா' என்பீர்கள். காலை மடக்கி நிமிர்த்துவதற்கு எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஒரு சிலிண்டர் இருக்கிறது. அதிலிருந்து நீளும் பிஸ்டன் கம்பியின் முனையில் ஒரு துண்டைத் திருகி மாட்டியிருப்பார்கள். அந்தத் துண்டுதான் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. திருகிய இடத்தில், மரைக்குள்ளே, துரு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. உள்ளுக்குள் அரித்து அரித்து, ஒரு நாள் மரை பிடிப்பை விட்டுவிட்டது. நம்மூரில் 'மரை கழண்ட கேஸ்' என்று சிலரைச் சொல்வோமே, நிஜமாகவே அந்த கேஸ்.

அந்தச் சிலிண்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. கால் இறங்கும்போது அது தடாலென்று விழாமல், கையைப் பிடித்து இறக்குவதுபோல மெதுவாக இறக்குவது. முனை கழன்றுவிட்டதால் பிடிக்க ஆள் இல்லை. கனமான கால் கதவைத் திறந்ததும் தன் எடையோடு தொப்பென்று விழுந்தது. விழுந்த வேகத்தில், அதை நிமிர்த்திப் பூட்டுகிற முட்டுக்கம்பியின் பாகம் உடைந்தது. பூட்டு விழவில்லை. பச்சை எரியவில்லை. எரியாத அந்த விளக்கு பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது உத்தரவுக்கு வருவோம்.

இரண்டாவது விபத்து நடந்த அன்றே பம்பார்டியரும், கால்களைத் தயாரித்த குட்ரிச் கம்பெனியும் ஒரு செய்தி அனுப்பின. பத்தாயிரம் தடவைக்கு மேல் பறந்து இறங்கிய விமானங்களையெல்லாம் சோதிக்கும்வரை நிறுத்தி வையுங்கள். அப்போது உலகத்தில் இருந்த க்யூ400கள் சுமார் 160. அவற்றில் 60 தரையிறக்கப்பட்டன. அடுத்து கனடா அரசின் உத்தரவு. எல்லா விமானத்திலும் இரண்டு கால்களையும் அந்தச் சிலிண்டரின் இறுக்கு நட்டையும் பார்க்க வேண்டும். எட்டாயிரம் தடவை இறங்கிய விமானம், அல்லது நான்கு வருடத்துக்கு மேல் ஓடிய விமானம் என்றால், அடுத்த தடவை பறப்பதற்கு முன்பே பார்த்தாக வேண்டும்.

இந்த இடத்தை நான் ரசித்துப் படித்தேன். பி.காம். படித்தவனுக்கு மட்டும் வரும் ரசனை இது. தேய்மானம் கணக்குப் போட எங்களுக்கு இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்று நேர்கோட்டு முறை. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு இத்தனை என்று எழுதித் தள்ளுவது. இன்னொன்று, எவ்வளவு ஓடியதோ அவ்வளவுக்கு எழுதுவது. சக்கரம், பிரேக், உலோகத்தில் விழும் விரிசல் எல்லாம் இரண்டாவது ரகம். எத்தனை முறை தரையில் இறங்கியது என்பதுதான் அவற்றின் கணக்கு. துரு அப்படி இல்லை. அது நேர்கோட்டுக்காரன். விமானம் ஷெட்டில் தூங்கினாலும் ஈரக் காற்றில் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். கம்பெனிகளின் செய்தி தடவைக் கணக்கை மட்டும் சொன்னது. அரசாங்க உத்தரவு 'அல்லது நான்கு வருடம்' என்று ஒரு வார்த்தை சேர்த்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். விமர்சகன் என்ற முறையில் இதற்கு முழு மார்க்.

மார்க்கைக் குறைக்கிற இடம் எது? தேதி. ஆல்போர்க்கில் கால் மடிந்தது 9ஆம் தேதி. விமானங்கள் நின்றது 12ஆம் தேதி, வில்னியஸுக்குப் பிறகு. நடுவில் இருந்த நாட்களில் அந்த ரக விமானங்கள் ஏறின, இறங்கின, ஜனங்கள் காபி குடித்துக்கொண்டு பயணம் செய்தார்கள். ஒரு விபத்து நடந்தால் அது தற்செயலாக இருக்கலாம், காரணம் தெரியாமல் உலகத்தையே நிறுத்த முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் வில்னியஸில் இறங்கிய 52 பேரிடம் இந்த நியாயத்தை விளக்க நான் தயாரில்லை. நீங்கள்?

இன்னொன்று. எஸ்.ஏ.எஸ்.தான் இந்த ரகத்தை உலகத்திலேயே முதலில் வாங்கிப் பறக்கவிட்ட கம்பெனி. 2000இல் ஆரம்பித்தது. அவர்கள் ஓட்டியதெல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அரை மணி, முக்கால் மணி. அதனால் ஏறி இறங்கும் எண்ணிக்கை மளமளவென்று ஏறிவிடும். வருடத்திலும் மூத்தது, தடவையிலும் மூத்தது. கோளாறு எங்காவது முளைக்கும் என்றால் முதலில் இங்கேதான் முளைக்கும். வீட்டில் மூத்த பிள்ளைக்கு அம்மை போட்டால் இளையவர்களைப் பார்த்துக்கொள்வோம் இல்லையா? மூத்த பிள்ளையை அடிக்கடி டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஏற்கெனவே ஏதாவது ஓலை இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. மரைக்குள்ளே இருக்கும் துருவை வெளியிலிருந்து பார்க்க முடியாது என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரியாத விஷயமா என்ன?

இந்த ரகத்தின் சக்கரத்துக்கு அந்த வருடம் இதுதான் முதல் தகராறு என்றும் சொல்ல முடியாது. 2007 மார்ச் 13 அன்று கொச்சியில் ஒரு க்யூ400 மூக்குச் சக்கரம் இறங்காமல் மூக்கைத் தேய்த்துக்கொண்டு ஓடியது. கேரளத்துக் கொச்சி இல்லை, ஜப்பானில் அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. ஆல் நிப்பான் விமானம். 60 பேர். ஒருவருக்கும் கீறல் இல்லை. மூக்குச் சக்கரக் கதவின் இயக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு போல்ட் இல்லை. அது இல்லாததால் ஒரு சின்ன உருளைத் துண்டு நழுவி வெளியே வந்து கதவை மாட்டிக்கொள்ள வைத்துவிட்டது. ஒரு போல்ட்! சைக்கிள் கடையில் கேட்டால் சும்மா கொடுப்பார்கள் என்று சொல்ல ஆசைதான். விமானத்து போல்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் உண்டு, சும்மா கிடைக்காது.

சரி, உத்தரவு வந்தது, கழற்றிப் பார்த்தார்கள், மாற்றினார்கள், அக்டோபரில் எஸ்.ஏ.எஸ். மறுபடியும் பறக்கவிட்டது. கதை சுபமாக முடிய வேண்டியது. அக்டோபர் 27. நார்வேயின் பெர்கனிலிருந்து கோபன்ஹேகன் போன விமானம். 44 பேர். மறுபடியும் வலது கால். இந்த முறை கால் இறங்கவே இல்லை. பைலட் வலது எஞ்சினை நிறுத்திவிட்டு இறக்கினார். ஆல்போர்க்கில் விசிறி உடைந்து உள்ளே வந்த பாடம் வீண் போகவில்லை. எல்லோரும் தப்பினார்கள்.

விசாரித்தால், துரு இல்லை. ரப்பர் வளையம் ஒன்று. ஓ-ரிங் என்பார்களே, நம் வீட்டு பிரஷர் குக்கர் கேஸ்கெட்டின் தம்பி. அது இருக்க வேண்டிய இடத்தை விட்டு வந்து, எண்ணெய் போகிற சின்ன ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. முன்னால் வந்த இரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள் இன்ஜினீயர்கள். உண்மைதான். பயணியிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். 'சார், போன தடவை துரு, இந்தத் தடவை ரப்பர், இரண்டும் வேற வேற, தைரியமா ஏறுங்க.' ஏறுவாரா? மறுநாளே எஸ்.ஏ.எஸ். தன்னிடமிருந்த 27 க்யூ400களையும் இனி பறக்கவிடுவதில்லை என்று அறிவித்துவிட்டது.

இது வேடிக்கை இல்லையா? எந்த அரசாங்கமும் அந்த ரகத்தை நிரந்தரமாகத் தடை செய்யவில்லை. அதே விமானத்தை அமெரிக்காவில் ஹொரைசன் ஏர் 2023 ஜனவரி வரைக்கும் ஓட்டியது. நம்மூருக்கு அது வந்ததே அதற்குப் பிறகுதான். உத்தரவு இரும்பைச் சரி செய்தது. நம்பிக்கையைச் சரி செய்ய உத்தரவில் இடமில்லை. எஸ்.ஏ.எஸ். செய்தது பயந்தாங்கொள்ளித்தனம் என்று அன்றைக்குச் சிலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழே வாரத்தில் மூன்று முறை ஒரே பக்கத்துக் கால் கைவிட்ட பிறகு, டிக்கெட் வாங்குபவரின் முகத்தைப் பார்க்க வேண்டியது அவர்கள்தானே தவிர, உத்தரவு போட்டவர்கள் இல்லை.

கடைசிக் காட்சி இன்னும் வேடிக்கை. 2008 மார்ச்சில் சமரசம். எஸ்.ஏ.எஸ்ஸுக்கு நூறு கோடி ஸ்வீடிஷ் குரோனருக்கும் மேல் நஷ்டஈடு. கொஞ்சம் ரொக்கமாக, மீதி அடுத்து வாங்கும் விமானங்களில் கழிவாக. கழிவை எப்படி அனுபவிப்பது? அதே பம்பார்டியரிடம் எஸ்.ஏ.எஸ். மறுபடியும் 27 விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தது. அதில் 14, புது மாடல் க்யூ400. வியாபாரம் என்றால் இதுதான். சண்டை போட்ட மளிகைக் கடையிலேயே அடுத்த மாதச் சாமானும் வாங்குவது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. பெரிய கம்பெனி, வக்கீல் இருக்கிறார், வாங்குகிற சக்தி இருக்கிறது, பணத்தை வசூல் செய்துகொண்டது.

ஆனால் வக்கீலும் வாங்கும் சக்தியும் இல்லாதவன்?

நிஜமாகவே சின்ன விமானங்கள் இருக்கின்றன. நான்கு பேர், ஆறு பேர் உட்காருபவை. அமெரிக்காவில் டாக்டர்களும் விவசாயிகளும் பறக்கும் பள்ளிக்கூடங்களும் வைத்திருப்பார்கள். முப்பது, நாற்பது, ஐம்பது வயது விமானங்கள் சர்வசாதாரணம். அவற்றுக்கும் இதே ஓலை வரும். காலில் விரிசல் இருக்கிறதா பார், சட்டத்தை மாற்று. பில் யாருக்கு? விமானம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு.

இந்த இடத்தில் நிறுத்தி யோசியுங்கள். உங்கள் காரில் ஸ்டீயரிங் கோளாறு என்று கம்பெனி கண்டுபிடித்தால் ரீகால் செய்வார்கள். நீங்கள் ஷோரூமில் விட்டுவிட்டு வரலாம், ஒரு பைசா தர வேண்டாம். இந்தியாவிலேயே 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கம்பெனியின் கடமை ஆக்கிவிட்டது. விமானத்தில் அப்படி இல்லை. குறை தயாரித்தவருடையதாக இருக்கலாம். சரி செய்யும் கடமை வைத்திருப்பவருடையது. வாரண்டி இருந்தால் அதிர்ஷ்டம். நாற்பது வயது விமானத்துக்கு வாரண்டி எங்கே இருக்கும்?

அமெரிக்க எஃப்.ஏ.ஏ.வின் உத்தரவுகளில் செலவுக்கென்று ஒரு பகுதி உண்டு. நான் முதலில் படிப்பது அதைத்தான், பழக்க தோஷம். இத்தனை விமானம், விமானத்துக்கு இத்தனை மணி நேர வேலை, மணிக்கு 85 டாலர் கூலி, உதிரி பாகம் இத்தனை. அந்த 85 டாலர் வருஷக்கணக்காக அசையாமல் அப்படியே நின்றது. அமெரிக்காவில் எந்தப் பட்டறையில் அந்தக் கூலிக்கு இன்னும் ஆள் கிடைக்கிறான் என்று தெரிந்தால் நானே சிபாரிசு செய்வேன். வாரண்டியில் கொஞ்சம் செலவு குறையலாம், அது எங்கள் கையில் இல்லை என்ற அர்த்தத்தில் ஒரு வாக்கியமும் பல உத்தரவுகளில் வரும். விமானம் நின்றுபோன நாட்களின் வருமான இழப்பு? பறக்கும் பள்ளியில் வகுப்பு நின்றது? கணக்கில் வராது. என் பழைய வாத்தியார் இந்தக் கணக்கைப் பார்த்திருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பார்.

இதன் விளைவு என்ன தெரியுமா? உத்தரவு வரப்போகிறது என்றதும் உரிமையாளர் சங்கங்கள் மனு எழுதும். செலவு அதிகம், அவகாசம் கொடுங்கள், நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதாதா. அவசர உத்தரவு அல்லாதவற்றில் இப்படிக் கருத்துக் கேட்பது சட்டப்படியே உண்டு. அவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. தன் தப்பு இல்லாத ஒன்றுக்குத் தன் பணத்தைக் கொடுக்கச் சொன்னால் யார்தான் பேரம் பேச மாட்டார்கள்? பேரம் சக்கரத்தைப் பற்றி இருக்கிறதே என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொரு குழப்படி. கம்பெனி தன் பங்குக்குச் சுற்றறிக்கை அனுப்பும். சர்வீஸ் புல்லட்டின். அதன் தலையில் சிலசமயம் 'கட்டாயம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குப் பறப்பவருக்கு அது கட்டாயம் இல்லை! அரசாங்கம் உத்தரவு போட்டால்தான் கட்டாயம். கம்பெனியின் 'கட்டாயம்', நம் கல்யாணப் பத்திரிகையின் 'அவசியம் வரவும்' மாதிரி.

இந்தக் கூத்துக்கு ஒரு நல்ல உதாரணம் பைப்பர் ஏரோ. 1967இல் வந்த நான்கு பேர் விமானம். சக்கரம் மடங்கும். மடங்கும் சக்கரம் உள்ள விமானங்களில் பைலட் சக்கரத்தை இறக்க மறந்து வயிற்றால் தேய்த்துக்கொண்டு இறங்குவது சகஜமான விபத்து. பைப்பர்காரர்கள் ஒரு கருவி வைத்தார்கள். விமானத்தின் இடது பக்கத்தில் ஒரு சின்னக் கொம்பு. காற்றின் வேகத்தையும் விசிறிக் காற்றையும் அது மோப்பம் பிடிக்கும். வேகம் குறைந்து எஞ்சினும் அடங்கினால், இவன் இறங்கப் போகிறான் என்று புரிந்துகொண்டு, கேட்காமலே சக்கரத்தை இறக்கிவிடும். அந்தக் காலத்துக்கு அருமையான யோசனை.

ஆனால் எஞ்சின் நின்றுபோய், எதிரே இருக்கிற மேட்டைத் தாண்ட ஒவ்வொரு அடி உயரமும் வேண்டியிருக்கும் நேரத்திலும் அது காலைத் தொங்கவிடும். தொங்கும் கால் காற்றைத் தடுக்கும். கொம்பில் பனிக்கட்டி அடைத்தால் குழம்பும். தடுத்துவைக்க ஒரு நெம்புகோல் இருந்தது, அதைப் பிடிக்க ஞாபகம் வேண்டும். கடைசியில் 1980களின் பிற்பகுதியில் பைப்பரே அந்தக் கருவியைச் செயலிழக்கச் செய்யுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பியது. பாதுகாப்புக்காக வைத்ததை, பாதுகாப்புக்காக எடுக்கச் சொன்னது. பல உரிமையாளர்கள், என் விமானத்தைப் பலமுறை காப்பாற்றியது இது, எடுக்க மாட்டேன் என்றார்கள். பிறகு, சரி, உங்கள் இஷ்டம் என்று இறங்கி வந்தது கம்பெனி.

அப்போது அமெரிக்காவில் விமானக் கம்பெனிகள் மீது நஷ்டஈட்டு வழக்குகள் குவிந்த காலம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். செஸ்னா 1986இல் சின்ன பிஸ்டன் விமானங்கள் செய்வதையே நிறுத்தியது. 18 வருடத்துக்கு மேற்பட்ட விமானத்துக்குக் கம்பெனி மேல் வழக்குப் போட முடியாது என்று 1994இல் சட்டம் வந்த பிறகு, 1996இல்தான் மறுபடி ஆரம்பித்தது. ஆக, ஒரு சுற்றறிக்கை வந்தால், அது பைலட்டைக் காப்பாற்ற வந்ததா, கம்பெனியை வக்கீலிடமிருந்து காப்பாற்ற வந்ததா என்று வைத்திருப்பவருக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே காகிதம். சந்தேகம் வந்துவிட்டால் நிஜமான எச்சரிக்கையும் குப்பைக்கூடைக்குப் போகும். இதுதான் எனக்குப் பெரிய பயம்.

நம்மூருக்கு வருவோம். இந்தியாவின் டி.ஜி.சி.ஏ. தானாக எல்லா விமானத்தையும் பிரித்துப் பார்த்து உத்தரவு போடுவதில்லை. எந்த நாட்டில் வடிவமைத்ததோ அந்த நாட்டின் உத்தரவை இங்கே கட்டாயமாக்கும். க்யூ400 என்றால் கனடா. ஏ.டி.ஆர். என்றால் ஐரோப்பா. ஆகவே ஒட்டாவாவிலோ கொலோனிலோ ஒருவர் தட்டச்சு செய்கிற வாக்கியம், சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் போகிற நம் ஆட்களின் காலுக்கடியில் வந்து நிற்கிறது. இதற்கிடையில் கம்பெனிகளும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. க்யூ400ஐ 2019இல் பம்பார்டியர் விற்றுவிட்டது. இப்போது அது டி ஹாவிலண்ட் கனடாவின் சரக்கு. கால் செய்த குட்ரிச்சை 2012இல் இன்னொருவர் விழுங்கிவிட்டார். போர்டுகள் மாறுகின்றன. பழைய விமானங்கள் அப்படியே பறக்கின்றன.

2025 செப்டம்பர் 12 அன்று குஜராத்தின் கந்த்லாவிலிருந்து மும்பைக்குக் கிளம்பிய ஸ்பைஸ்ஜெட் க்யூ400இன் வெளிப்பக்கச் சக்கரம் ஒன்று கழன்று ரன்வேயிலேயே விழுந்தது. எழுபதுக்கு மேற்பட்ட பயணிகள். மீதிச் சக்கரங்களோடு மும்பையில் பத்திரமாக இறங்கியது. தேதியைக் கவனித்தீர்களா? வில்னியஸுக்குச் சரியாகப் பதினெட்டு வருடம். இதுவும் அதுவும் ஒரே கோளாறு என்று நான் சொல்லவில்லை. அங்கே மரை அரித்து கால் மடிந்தது, இங்கே கழன்றது சக்கரம். சும்மா முடிச்சுப் போடுவது தப்பு.

உத்தரவு எழுதுகிறவர்களிடம் விமர்சகனாக நான் கேட்பது இரண்டே வரி. ஒன்று, இந்தக் கோளாறு முதன்முதலில் யாருக்கு, எந்தத் தேதியில் தெரியவந்தது. 'புகார்கள் வந்தன' என்று மொட்டையாக எழுதுகிறார்கள், தேதி அநேகமாக இருப்பதில்லை. இரண்டு, குறை வடிவமைப்பிலா, தயாரிப்பிலா, பராமரிப்பிலா, அதன்படி செலவில் யார் பங்கு எவ்வளவு. முதல் வரி இருந்தால், சும்மா இருந்த நாட்கள் எத்தனை என்று கூட்டிக் கழித்துப் பார்த்துவிடலாம். இரண்டாவது வரி இருந்தால் நாற்பது வயது விமானத்தின் சொந்தக்காரர் மனு எழுதுவதற்குப் பதில் ஸ்பேனரை எடுப்பார்.

கந்த்லா சக்கரத்துக்கு ஏதாவது ஓலை வந்தால் தேடிப் படியுங்கள். கனடா, ஐரோப்பா, அமெரிக்கா மூன்றும் தங்கள் உத்தரவுகளை யாரும் பார்க்கும்படிதான் வைத்திருக்கின்றன, காசு கிடையாது. நான் முதலில் தேடப்போவது அந்த இரண்டு வரிகளை.